தீர்மான நோட்டு

மே 1, 2025

பதினோரு மணிக் கிராம சபைக் கூட்டம் பன்னிரண்டுக்குத் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. ஜனவரியோடு ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் போய்விட்டதால் எல்லாம் தனி அலுவலர் பொறுப்பு. அவர் வரவில்லை, கூட்டத்தைக் கவனிக்க நியமித்த பற்றாளர் வந்திருந்தார். வரவு செலவை யார் காதிலும் விழாத குரலில் வாசித்தார்கள். மேற்குத் தெருவில் தண்ணீர்த் தொட்டி கட்டி ஒரு வருஷமாகியும் குழாய் லைன் கொடுக்கவில்லை என்று எழுந்து சொன்னேன். கால் நடுங்கியது. "தீர்மானமா எழுதுங்க சார்" என்றேன். "எழுதிக்கிறோம்மா, உக்காரு." நோட்டில் நாலு வரி இடம் விட்டு, அதற்குக் கீழே கையெழுத்து வாங்கினார்கள். எழுதிவிட்டுக் கொடுங்கள், போடுகிறேன் என்றேன். கிளார்க் நோட்டை அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டார்.

மே 2

அந்த நாலு வரியில் இந்நேரம் என்ன எழுதியிருப்பார்கள்?

மே 5

தேர்வில் ஊராட்சிகள் பற்றிய 73வது அரசியலமைப்புத் திருத்தம், ஐந்து மதிப்பெண். 1993 ஏப்ரல் 24, கிராம சபைக்கான பிரிவு 243ஏ, 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் என்று கொட்டிவிட்டு வந்தேன். ஐந்நூறுக்கு மேல் மூவாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் நூறு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதையும் சேர்த்து. வியாழக்கிழமை அறுபது பேர் இருந்திருந்தாலே அதிகம்.

வரும் வழியில் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனுவைப் பதிவுத் தபாலில் போட்டேன். தீர்மான நகல் வேண்டும், வந்தவர்களின் கையெழுத்துப் பக்கங்களோடு. பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்புக்கு வெண்டர் பன்னிரண்டு வாங்கினார்.

மே 11

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டம். வீடு கட்ட அரசு பணம் தரும் கனவு இல்லம் திட்டத்தின் பட்டியலில் அப்பா பேர் இருக்கிறது. மூன்றரை லட்சம், 360 சதுர அடி. "ஒன் நோட்டுக்காக அதுல கை வச்சிட்டாங்கன்னா, மழைக்கு எங்க போயி உக்கார்றது?" பட்டியலையும் கிராம சபையில்தானே வைக்கவேண்டும், யாரோ ஒருத்தர் அடித்துவிட முடியாது என்று சட்டம் பேசினேன். அடுப்படிக்குப் போய்விட்டாள். பேர் நிஜமாகவே போய்விட்டால்? அப்பா இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டுவிட்டால் பதில் சொல்லிவிடுவேன். இரவெல்லாம் இதே நினைப்பு. தொட்டியில் தண்ணீர் வந்தால் அம்மாவும்தானே பிடிக்கப்போகிறாள்?

மே 20

ஒப்புகை அட்டை வந்தது. சீலில் தேதி 7ஆ 9ஆ தெரியவில்லை. பதில் தர வேண்டிய முப்பது நாளை எதிலிருந்து எண்ணுவது?

ஜூன் 10

7ஆக இருந்தாலும் 9ஆக இருந்தாலும் கெடு தாண்டியாச்சு.

ஜூன் 12

யூனியன் ஆபீஸிலிருந்து போன். "எதுக்கும்மா பேப்பரு, நேர்ல வந்து பாத்துக்கயேன்." மேல்முறையீடு எழுதிக் கையில் வைத்திருந்தேன். சரி, ஆவணத்தைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை.

ஜூன் 16

பார்த்தேன். "குடிநீர் சீராக வழங்க ஆவன செய்வது என விவாதிக்கப்பட்டது." தொட்டி இல்லை, மேற்குத் தெரு இல்லை, தேதி இல்லை. நாலு வரிக்கு இடம் விட்டு ஒரு வரி!

கையெழுத்து நூற்றுப் பன்னிரண்டு. மூன்றாம் பக்கத்தில் அம்மாவுடையது. அந்த வளைந்த 'ல', அவளேதான் போட்டது. அன்றைக்கு அவள் கூட்டத்துக்கே வரவில்லை.

ஜூன் 17

கேட்கவில்லை.

ஜூன் 24

கேட்டேன். நூறு நாள் வேலை நடந்த இடத்துக்கு நோட்டு வந்ததாம், வரிசையாக எல்லோரும் போட்டார்களாம். "போடமாட்டேன்னு நா மட்டும் எப்புடி சொல்றது?" நான் அன்றைக்கு அப்படித்தான் சொன்னேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. என்னை மஸ்டர் ரோலில், அந்த வேலையின் வருகைப் பட்டியலில், யாரும் நிறுத்திவைக்க முடியாது, அவளை முடியும். மேல்முறையீட்டை அனுப்பிவிட்டேன். நகல் வேண்டும், பார்த்தது போதாது.

ஜூலை 19

காலேஜ், இன்டர்னல், பஸ். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. தொட்டி மேல் காக்கா.

ஆகஸ்ட் 14

நகல் வரவில்லை. நாளைக் கிராம சபைக்குத் தீர்மான வாசகத்தை நானே எழுதிவிட்டேன்: மேற்குத் தெருத் தொட்டிக்குக் குழாய் இணைப்பு, எந்தத் தேதிக்குள், எந்த நிதியில். மேற்குத் தெரு ஆட்கள் முதல் வரிசையில் உட்காருவார்கள், எழுதி முடித்து வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்து. அம்மாவிடம் சொன்னேன். "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள். வருவாளா, தெரியாது.

செராக்ஸ் கடை நாளைக்கு லீவு. ஏழரைக்கே ஷட்டர் இறக்கிவிடுவார். ஓடணும்.