விபூதி போட்டுத் தேய்த்த தாலர்

ஜெர்மனியில் நியூரம்பர்க் போகிறவர்கள் முதலில் கோட்டைக்குத்தான் ஏறுவார்கள். நான் போனது ஒரு பழைய நாணயக் கடைக்கு. என் பையில் 1860ஆம் வருஷத்துத் தாலர் ஒன்று இருந்தது; பிரஷ்யா என்ற பழைய ஜெர்மன் ராஜ்யத்தின் வெள்ளி நாணயம், பெர்லின் ஞாயிற்றுச் சந்தையில் வாங்கியது. அதற்குத் துணையாக இன்னொரு ராஜ்யத்து வெள்ளி வேண்டும்.

கடைக்காரப் பெரியவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. “தேய்த்தீர்களா?”

தேய்த்தேன்தான். வெள்ளி விளக்கை அம்மா தேய்ப்பதுபோல விபூதி போட்டு, பளபளவென்று. காலப்போக்கில் படிந்த கருமைதான் நாணயத்துக்கு மதிப்பாம். அதை நான் ஐந்து நிமிஷத்தில் வழித்து எடுத்திருக்கிறேன். தராசில் போட்டார்: 18.5 கிராம். “எடையாவது சரியாக இருக்கிறது” என்றார்.

அந்த எடைக்குப் பின்னால் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. ஜெர்மனி 1871 வரை ஒரே நாடு இல்லை. வடக்கே தாலர், தெற்கே குல்டன், அவரவர் ராஜா அவரவர் காசில். 1857இல் வியன்னாவில் உட்கார்ந்து பேசி, அரைக்கிலோ சுத்த வெள்ளிக்கு 30 தாலர் என்று முடிவு செய்தார்கள். பிரஷ்யாவோ ஹனோவரோ சாக்ஸனியோ, முகம் மாறும், வெள்ளி மாறாது. வடக்கின் ஒரு தாலருக்குத் தெற்கில் ஒன்றே முக்கால் குல்டன். நம் ஊர் முக்கால் வாய்ப்பாடு படித்தவர்கள் அங்கே கடை போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள்! ஒன்றுபட்ட ஜெர்மனிக்கு மார்க் என்ற பொது நாணயம் வந்த பிறகும் 1907 வரை இந்தத் தாலர் மூன்று மார்க்காக ஓடியது. சந்தையில் கிடைப்பவற்றில் பாதி மழுங்கிக் கிடப்பது அதனால்தான்.

ஹனோவர் 1866 ஒன்றை எடுத்தேன். பார்வையிழந்த அரசர் ஐந்தாம் கியோர்க்கின் தலை. அந்த வருஷமே பிரஷ்யா அவர் ராஜ்யத்தை விழுங்கிவிட்டது. இரண்டும் இப்போது என் பையில் பக்கத்துப் பக்கத்தில்.

கண்ணாடிப் பெட்டியில் ஒன்று மட்டும் என்னை விடவில்லை. பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் நடந்ததையெல்லாம் தாலரில் அடித்து வைத்தவர். 1835இல் நியூரம்பர்க்கிலிருந்து பக்கத்து ஊரான ஃப்யூர்த்துக்கு ஓடிய ஜெர்மனியின் முதல் நீராவி ரயிலுக்கும் ஒன்று. ஜெர்மனியின் பெயரை இன்றுபோல D போட்டு ‘Deutschland’ என்று அச்சடிக்காமல், அந்தக் கால வழக்கப்படி T போட்டு ‘Teutschland’ என்று எழுதியிருக்கிறது. விலையைக் கேட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

வாங்க முடியாதவன் ஓடிப் பார்க்கலாமே! நியூரம்பர்க்கின் ப்ளேரர் நிலையத்தில் யூ1 மெட்ரோ ஏறினேன். பழைய தண்டவாளத் தடத்தையொட்டித்தான் ஃப்யூர்த்துக்குப் போகிறது. அன்றைக்கு ஓடிய ‘ஆட்லர்’ எஞ்சின் இங்கிலாந்திலிருந்து வந்தது, ஓட்டுநரும் ஆங்கிலேயர். எதிர் இருக்கைப் பையன் ஃபோனிலிருந்து தலை தூக்கவில்லை. நான் ஹனோவர் நாணயம் இருந்த காகித உறையைத் திருப்பினேன். கடைக்காரப் பெரியவர் பென்சிலில் ஏதோ கிறுக்கியிருந்தார். மொழிபெயர்த்துப் பார்த்தால்: “துணி வேண்டாம். தண்ணீர் வேண்டாம். பொடி வேண்டவே வேண்டாம்.”