பெரியப்பாவோடு உடவளவைக்கு

பெரியப்பாவை யானை பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஐம்பது வருடமாக வேளாண்மை செய்கிற மனிதர் அவர். மூன்று வருடத்துக்கு முதல் ஒரு கொம்பன் வந்து, நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையின் சுவரை இடித்து, தின்றது போக மிச்சத்தை மிதித்துவிட்டுப் போனது. அதே மாரியில் பக்கத்து வட்டையில், அதாவது வயல்வெளியில், இரவுக் காவல் முடித்து விடியற்காலை சைக்கிளில் திரும்பிய ஒருவரை யானை அடித்துக் கொன்றது. அந்தச் செத்தவீட்டுக்குப் போய்வந்து இரண்டு நாள் பெரியப்பா யாரோடும் கதைக்கவில்லை.

"காசு குடுத்து யானை பாக்கிறதா மனே?" என்றார். ஒரு நாள்தானே வாங்கோ என்று கெஞ்சித்தான் வான் வண்டியில் ஏற்றினேன்.

இரவோடு இரவாக வெளிக்கிட்டு அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று இறங்கி, பகல் பன்னிரண்டு மணிப் பால் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் போனது வனஜீவராசிகள் திணைக்களம் 1995-ல் உடவளவையில் தொடங்கிய யானைக்குட்டிகளின் இடைத்தங்கல் இல்லம், சிங்களத்தில் எத் அத்துரு செவன என்பார்கள். தாயை இழந்த குட்டிகளையும் காயப்பட்ட குட்டிகளையும் நாட்டின் பல பக்கங்களில் இருந்தும் இங்கே கொண்டுவருகிறார்கள். பார்க்கிறவர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் மேடையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். தொடக்கூடாது, தீனி கொடுக்கக்கூடாது.

படலையைத் திறந்துவிட்டதும் குட்டிகள் நாலு நாலாகப் பள்ளி விட்ட பிள்ளைகள் மாதிரி ஓடிவருகின்றன. ஒரு புனலில் நீளமான குழாய் பூட்டியிருக்கும். குழாயின் நுனியை வாய்க்குள் வைத்துப் புனலில் பாலை ஊற்றினால் ஒரு முடக்கு, இரண்டு முடக்கு, முடிந்தது. ஒரு குட்டி குடித்து முடித்த பிறகும் குழாயை விடாமல் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நின்றது, கீழ் உதட்டில் பால்நுரை, தலையில் செம்பட்டை மயிர் குத்திட்டு நின்றது. தும்பிக்கையால் பராமரிப்பாளரின் கையைச் சுற்றி இழுத்து இன்னும் கேட்டது. அவர் மெல்லத் தள்ளிவிட்டார். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இப்படிப் பால் கொடுக்கிறார்கள், இடையில் பக்கத்துக் காட்டில் மேயவிடுகிறார்கள்.

நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா வேலிக் கம்பியைப் பிடித்தபடி ஒரே குட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் முன்னங்காலில், பாதத்துக்குக் கொஞ்சம் மேலே, வளையல் போட்ட மாதிரி சுற்றிவர ஒரு தழும்பு. "கம்பிச் சுருக்கு," என்றார். மானுக்கும் பன்றிக்கும் என்று வைக்கிற சுருக்கில் யானைக்குட்டி காலை விட்டால் இழுக்க இழுக்க இறுகி எலும்பு வரைக்கும் போகும். அவருக்குத் தெரியாததா. கொஞ்ச நேரம் கழித்து, "இதுட தாயும் எங்கயோ ஒரு வட்டைக்குள்ளதான் விழுந்து கிடந்திருக்கும் மனே," என்றார்.

எனக்கு அதற்குமேல் படம் எடுக்க மனம் வரவில்லை.

2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. 2023-ல் மட்டும் 470-க்கு மேல் செத்தன. துப்பாக்கிச் சூடு, சட்டவிரோத மின்கம்பி, பூசணிக்காய்க்குள் ஒளித்துவைக்கிற ஹக்கப்பட்டாஸ் என்கிற வெடி. அது வாய்க்குள் வெடித்த யானை தின்ன முடியாமல் பட்டினியில்தான் சாகும். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குக் கிட்ட ரயில் மோதி ஆறு யானைகள் செத்ததே, அது நாங்கள் கொழும்புக்கு ஏறிப்போகிற அதே மட்டக்களப்புப் பாதை. அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக் தின்று யானைகள் செத்த செய்தியும் நம்மூர்ச் செய்திதான். தாயில்லாக் குட்டிகள் எங்கிருந்து வருகின்றன என்று வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

பின்னவலை யானை அநாதை இல்லத்துக்குச் சின்ன வயதில் போயிருக்கிறேன். அது 1975-ல் தொடங்கியது, அங்கே வளர்கிற யானைகள் பெரும்பாலும் மனிதரோடேயே இருந்துவிடும், அங்கேயே குட்டியும் போடும். உடவளவை வேறு மாதிரி. நாலைந்து வயதானதும் கூட்டாகச் சேர்த்துக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் மனிதர் வாடை கூடுதலாகப் பழகாமல் அவ்வளவு கவனமாக வளர்க்கிறார்கள். எனக்கு இந்த முறைதான் சரியாகப் படுகிறது. தடவிப் பார்க்க முடியவில்லை என்று பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் குறைப்பட்டது. நான் அதற்காகத்தான் அந்த இடத்தை மதிக்கிறேன்.

பெரியப்பா மூன்று மணிப் பாலையும் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

திரும்பி வரும்போது மொனராகலை தாண்டி இருட்டிவிட்டது. வேளாண்மை கதிர் வெளிவராமல் குடலையாக நிற்கிற நேரம், இரவுக் காவலுக்குத் தம்பியை வயல் குடிசையான வாடியில் விட்டுவிட்டு வந்திருந்தார். போன் எடுத்துக் கதைத்தார். தண்ணி கட்டினியா, டோர்ச்சுக்குச் சார்ஜ் இருக்கா, வாடிக்கு வெளியில நெருப்பு எரியுதா என்று எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக, "யானை வெடி கொளுத்தினா மேல எறி. குட்டியோட நிண்டா கிட்டப் போகாத, தானாப் போகும், விடு," என்றார்.