ஜீலாங்கின் மர மனிதர்கள்

மெல்போர்னிலிருந்து ரயிலேறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஜீலாங் வந்துவிடுகிறது. ஸ்டேஷனிலிருந்து கோரியோ விரிகுடாவுக்கு நடந்தே போனோம். கடலை விட எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது கரையோரம் நிற்கும் பொல்லார்டுகளை.

பொல்லார்டு என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது, நடைபாதையில் கார் ஏறாமல் இருக்க நட்டு வைக்கும் குட்டைத் தூண். ஆனால் அதன் சொந்த ஊர் துறைமுகம். கப்பலின் வடத்தை மாட்டுவதற்கான கட்டுத்தறி அது. வடம் நழுவி மேலே வராதபடி தலைப்பக்கம் பருத்திருக்கும். ஒரே பொல்லார்டில் இரண்டு கப்பல்களின் வடத்தை மாட்ட நேர்ந்தால், இரண்டாவது வடத்தின் வளையத்தை முதல் வளையத்துக்குள் கீழிருந்து மேலே நுழைத்துத் தலையில் மாட்டுவார்கள். அப்போதுதான் எந்தக் கப்பல் முதலில் கிளம்பினாலும் மற்றதைத் தொடாமல் கழற்ற முடியும். பழைய பீரங்கிகளை வாய் மேலே தெரியும்படி புதைத்தும் இந்த வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். லண்டன் தெருக்களில் இன்றும் பீரங்கி வடிவில் தூண்கள் நிற்கின்றன. அவற்றில் பல, அந்த வடிவத்திலேயே புதிதாக வார்த்தவை.

சரி, ஜீலாங்குக்கு வருவோம். 1990களில் கடற்கரையைப் புதுப்பித்தபோது, பழைய படகுத்துறையின் மரத்தூண்களை எடுத்து ஜான் மிட்செல் என்ற பெண் ஓவியர் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களாக்கிவிட்டார். மாலுமிகள், பேண்டு வாத்தியக்காரர்கள், அந்தக் காலத்து நீச்சலுடையில் பெண்கள், உயிர்காப்புக் குழுவினர் என்று ஊரின் கதை முழுக்க வண்ணமடித்து நிற்கிறது. கைகளைத் தனியாகச் செதுக்காமல் உடலோடு ஒட்டியே வரைந்திருப்பதால், நம்ம ஊர் மரப்பாச்சி ஆளுயரத்துக்கு வளர்ந்த மாதிரி இருக்கிறது. இந்த மண்ணின் ஆதிகுடிகளான வத்தாரொங் மக்களுக்கும் வரிசையில் இடம் உண்டு. அவர்களை விட்டுவிட்டு ஊர்க்கதை சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

என்னை அதிகம் நிறுத்தி வைத்தவை முயல்கள். பல பொம்மைகளின் காலடியில் ஒரு முயல் ஒளிந்திருக்கிறது. காரணம் இருக்கிறது. 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார், வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்து, பக்கத்தில் வின்செல்சியிலுள்ள தன் பார்வன் பார்க் பண்ணையில் அவிழ்த்துவிட்டார். அவை பெருகி ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதிக்குப் பரவி, மேய்ச்சலையும் பயிரையும் நாசம் செய்தன. அவற்றைத் தடுக்க மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வேலி போட்டார்கள். வேலி முடிவதற்குள் முயல்கள் தாண்டிப் போயிருந்தன! ஒரு ஊர் தன் பெரிய சங்கடத்தை மறைக்காமல், அதை வைத்தே குழந்தைகளுக்குக் கண்ணாமூச்சி விளையாட்டுக் காட்டுவது எனக்குப் பிடித்திருந்தது.

ஈஸ்டர்ன் பீச் வரை நடந்தால் நிறைய பொம்மைகளைப் பார்த்துவிடலாம். அங்கே 1930களில் கட்டிய நீச்சல் வளாகமும் இருக்கிறது. கடற்காற்று சில்லென்று அடிக்கும், வெயில் காய்ந்தாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் முயல் எண்ணும் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுக்க வேண்டாம். எங்களோடு வந்த இரண்டு வாண்டுகளின் கணக்கு திரும்பும் ரயிலிலும் ஒத்துப்போகவில்லை.