சேலைனுக்குள்ள என்ன போடுறியள்?

பின்னேரம் ஆறு மணி தாண்டினா எங்கட வாட்டில நாடகச் சத்தம் கேக்கத் தொடங்கிடும், நோயாளிக்குத் துணைக்கு நிக்கிற பொம்பிளையள் போனைத் தலையணியில சாத்தி வச்சுப் பாப்பினம், நானும் குளிசை குடுத்துக்கொண்டு போகேக்க ஒரு கண்ணால பாத்துக்கொண்டுதான் போறனான். ஆயிரம் எபிசோட் தாண்டின நாடகங்கள் அது. எந்த நாடகமா இருந்தாலும் எங்கயாவது ஒரு இடத்தில அந்த டொக்டர் வந்திடுவான். இரவில மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தனிய வருவான், அங்கால இங்கால பாப்பான், சட்டைப் பையுக்க இருந்து ஒரு சிரிஞ்சை எடுத்துத் தொங்குற சேலைன் போத்திலுக்க ஏத்துவான், கட்டில்ல கிடக்கிற நல்ல மனுசன் கை காலை உதறிப்போட்டுக் கண்ணை மூடும். மற்ற நாள் வெளியில வந்து கண்ணாடியைக் கழட்டி, நாங்கள் ஏலுமான எல்லாம் செய்து பாத்தம் எண்டு சொல்லுவான். பிள்ளை மாத்துறதும் அவன்தான், ரிப்போட் மாத்துறதும் அவன்தான்.

நான் தாதி. யாழ்ப்பாணத்தில தாதியர் பயிற்சிக் கல்லூரியில மூண்டு வருசம் படிச்சுப்போட்டு வன்னியிலதான் வேலை செய்யிறன், எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்லேல்ல. வந்த புதுசில இந்த டொக்டரை நான் ஒரு பொருட்டா எடுக்கேல்ல. நிசமான வாட்டில அப்பிடிச் செய்யேலாது எண்டு எங்களுக்குத் தெரியுந்தானே. மோர்பின், பெத்திடின் மாதிரி மருந்துகள் பூட்டின அலுமாரிக்குள்ள இருக்கும், டியூட்டி மாறேக்க ஒவ்வொருக்காலும் எண்ணிப் பாத்துக் கொப்பியில கையெழுத்து வைக்க வேணும், என்ன மருந்து எத்தினை மணிக்கு ஆர் போட்டது எண்டு பெட் ஹெட் டிக்கட் எண்ட நோயாளியின்ர குறிப்பில விழும். ஆனா இதெல்லாம் எங்களுக்குத் தெரியும், கட்டில்ல கிடக்கிறவைக்குத் தெரியாது. அது எனக்கு விளங்கினது 2019 மாசி மாசம் ஒரு இரவில.

அது பெரும்போக நெல்லு வெட்டு நேரம். வெட்டு மிசின் இறங்கினா வயலுக்க கிடந்த எலி ஓடும், எலிக்குப் பின்னால பாம்பு ஓடும், எங்களுக்கு வாட்டு நிரம்பும். அண்டைக்கு எட்டு மணி போல ஒருத்தரைக் கொண்டு வந்தவை, நாப்பத்தைஞ்சு வயசிருக்கும், வரம்பில நடக்கேக்க கணுக்காலுக்கு மேல கடிச்சிருக்கு, புடையன், கண்ணாடி விரியன் எண்டும் சொல்லுற பாம்பு. முதல்ல விசகடிப் பரியாரியிட்ட கொண்டு போய் மூண்டு மணித்தியாலம் போட்டுது. கால் வீங்கி முழங்கால் மட்டும் வந்திட்டுது, பல்லு முரசால ரத்தம் கசியுது. கூட வந்தவ அவரின்ர அக்கா, அறுவது கிட்ட இருக்கும், தாய் தகப்பன் இல்லாமல் தம்பியை வளத்ததே அவதானாம்.

புடையன் விசத்துக்கு எங்களிட்ட இருக்கிற முதல் பரிசோதனை மிசின் ஒண்டும் இல்லை. சுத்தமான காஞ்ச கண்ணாடிக் குழாயில கொஞ்சம் ரத்தம் எடுத்து ஆட்டாமல் அசைக்காமல் இருவது நிமிசம் வைக்கிறது, பிறகு சரிச்சுப் பாக்கிறது. நல்ல ரத்தம் எண்டா உறைஞ்சு கட்டியா நிக்கும். விசம் ஏறியிருந்தா தண்ணி மாதிரி ஓடும். அவரின்ர ரத்தம் ஓடினது.

டொக்டர் தெக்கில இருந்து வந்த சிங்களப் பெடியன், ஆறு மாசந்தான், முதல் நாள் இரவும் நித்திரை இல்லை. விசமுறி மருந்து தூளாத்தான் குப்பியில வரும், ஒவ்வொரு குப்பிக்கும் பத்து மில்லிலீற்றர் தண்ணி விட்டுக் கரைக்க வேணும், கெதியாக் கரையட்டும் எண்டு குலுக்கினா நுரைச்சுப் போடும், கையுக்க வச்சு மெல்ல மெல்ல உருட்ட வேணும், அப்பிடி ஒவ்வொண்டாக் கரைச்சுச் சிரிஞ்சால உறிஞ்சிச் சேலைன் போத்திலுக்க ஏத்திக்கொண்டு நிண்டம், நானும் டொக்டரும் மற்றத் தாதி மிஸ்ஸியும், மூண்டு பேருக்கும் மாஸ்க், கட்டிலின்ர கால்மாட்டில நிண்டு சிங்களத்திலயும் இங்கிலீசிலயும் மெல்லமாக் கதைச்சுக்கொண்டு. நோயாளி பயப்படக் கூடாது எண்டுதான் அவர் மெல்லமாக் கதைச்சவர். இதை இப்ப எழுதேக்க எனக்கே அந்தக் காட்சி நாடகக் காட்சியாத்தான் தெரியுது. அண்டைக்குத் தெரியேல்ல.

மருந்து ஓடத் தொடங்கிக் கால் மணித்தியாலத்தில அந்த மனுசனுக்கு நடுக்கம் எடுத்துது. கட்டில் ஆடுது, நெஞ்செல்லாம் தடிச்சுத் தடிச்சு எழும்புது, மூச்சு இழுக்குது. விசமுறி மருந்து குதிரையின்ர ரத்தத்தில இருந்து எடுக்கிறது, எங்கட நாட்டுக்கு இந்தியாவில இருந்துதான் வாறது, இப்பிடி ஒவ்வாமை வாறது எங்களுக்குப் பழகின விசயம், அதுக்கு அட்ரினலின் பக்கத்திலயே எடுத்து வச்சிருப்பம். டொக்டர் உடன மருந்தை நிப்பாட்டிப்போட்டு அட்ரினலின் தொடையில போட்டவர். ஆனா அக்கா கண்டது வேற. வந்து சேலைன் வயரைப் பிடிச்சிட்டா.

"சேலைனுக்குள்ள என்ன போட்டனியள்? நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். அந்த நாடகத்தில அவனும் இப்பிடித்தானே போட்டவன், என்ர தம்பியைக் கொல்லப் பாக்கிறியளோ?"

வாட்டு முழுக்க எழும்பி இருந்து பாக்குது. டொக்டருக்குத் தமிழ் விளங்காது, ஆனா அந்தக் குரல் விளங்கும், முகம் வெளிறிப் போச்சு. நடுக்கம் அடங்கின உடன அதே போத்திலைத் திரும்பவும் மெல்லமா ஓட விட வேணும், விட்டாத்தான் ஆள் தப்பும். அவ விடமாட்டன் எண்டு நிக்கிறா.

எனக்கு முதல்ல கோவந்தான் வந்தது. உண்மையாச் சொல்லுறன், கோவம். ஏனெண்டா டொக்டர்மார் ஆர் எண்டு கண்ணால கண்ட சனம் நாங்கள். 2009இல, கடைசிச் சண்டை நேரம், எனக்குப் பதினாறு வயசு. புதுமாத்தளனில பள்ளிக்கூடத்தையே ஆஸ்பத்திரியா வச்சு நடத்தினவை, அம்மாவுக்குத் தோளில ஷெல் பீஸ் பட்டு அங்கதான் கொண்டு போனனாங்கள், நிலத்தில பாயில கிடத்தி, விறைக்கிற ஊசி முடிஞ்சுது அம்மா, நோகும், என்ர கையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லிச் சொல்லிப் பீஸை எடுத்தவர் ஒரு டொக்டர். ஒவ்வொண்டையும் செய்ய முதல் சொல்லிச் சொல்லித்தான் செய்தவர். டொக்டர் வரதராஜா, டொக்டர் சத்தியமூர்த்தி, டொக்டர் சண்முகராஜா எண்டு அந்த நேரம் கடைசி மட்டும் நிண்ட ஆக்களின்ர பேர் எங்கட சனத்துக்கு மனப்பாடம். சண்டை முடிஞ்ச உடன அவையைப் பிடிச்சுக்கொண்டு போய், ஜூலை மாசம் கொழும்பில பத்திரிகைக்காரருக்கு முன்னால இருத்தி, அதுக்கு முதல் தாங்கள் வெளியில சொன்ன செத்த ஆக்களின்ர கணக்கெல்லாம் கூட்டிச் சொன்னது எண்டு கதைக்க வச்சவை. ரீவியில போனது அது. சண்டையால வந்த சனத்தை வச்சிருந்த மெனிக்பாம் முகாமுக்குள்ள இருந்த எங்களுக்குக் கதையாத்தான் வந்தது. ஒரு சனம் நம்பேல்ல. ஒரு கிழவி கூட நம்பேல்ல.

அப்ப ரீவியில நிசமான டொக்டர்மார் நிசமான வாயால சொன்னதை நம்பாத அதே சனம், இப்ப நாடகத்தில மாஸ்க் போட்டு வாறவனை நம்புது. வயரைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட அந்தக் கையைப் பாத்துக்கொண்டு நிக்கேக்கதான் எனக்கு ஏன் எண்டு விளங்கினது. அண்டைக்கு அவையள் எங்களுக்கு முன்னால, மறைக்கத் திரைச்சீலை கூட இல்லாமல், சொல்லிச் சொல்லி வைத்தியம் செய்தவை. கண்ணால கண்டதை ரீவியால அழிக்கேலாமல் போச்சு. இப்ப நாங்கள் திரையை இழுத்து விட்டு, விளங்காத பாசையில, கால்மாட்டில நிண்டு குசுகுசுக்கிறம். உள்ளுக்க என்ன நடக்குது எண்டு தெரியாத இடத்தில சனம் நாடகத்தில கண்டதைக் கொண்டு வந்து வைக்குது. வேற எதை வைக்கும்?

நான் அந்தக் கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு வந்தன். "அம்மா, இது உங்கட தம்பியின்ர ரத்தம், வந்த உடன எடுத்தது, பாருங்கோ" எண்டு சரிச்சுக் காட்டினன். இவ்வளவு நேரமாகியும் தண்ணியா ஓடினது. பிறகு கேட்டன், உங்கட கையில கொஞ்சம் ரத்தம் எடுக்கட்டோ, ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாப்பம். இது நான் கண்டுபிடிச்ச வித்தை இல்லை, குழாய் சரியா வேலை செய்யுதோ எண்டு பாக்க நல்ல ஆளின்ர ரத்தத்தையும் சேத்து வைக்கிற முறை இருக்கு. டொக்டரிட்டச் சொன்னன், அவர் மணிக்கூட்டைப் பாத்தார், நடுக்கம் முழுக்க அடங்க எப்பிடியும் அவ்வளவு நேரம் வேணும், ஓம் எண்டார். அவ கையை நீட்டினா. குழாயைத் தாங்கியில வச்சுப்போட்டு அவ அதுக்கு முன்னாலயே குந்தி இருந்தா, நான் மருந்தை ஒவ்வொண்டாச் சொன்னன், நடுக்கம் ஏன் வந்தது, இப்ப என்ன ஊசி போட்டது, அதே போத்தில் ஏன் திரும்ப ஓட வேணும், எல்லாம். டொக்டரும் வந்து பக்கத்தில நிண்டார், "அம்மா, பயம் வேணாம்" எண்டு தனக்குத் தெரிஞ்ச மூண்டு சொல்லையும் சொன்னார்.

இருவது நிமிசம். அவவின்ர குழாயைச் சரிச்சன், ரத்தம் அப்பிடியே ஒட்டி நிண்டது. தம்பியின்ரதைச் சரிச்சன், ஓடினது. அவ ரெண்டு தரம் திரும்பச் சரிச்சுக் காட்டச் சொன்னா. பிறகு வயரை விட்டிட்டா.

அந்த இரவு அவ படுக்கேல்ல. மருந்து ஏறி ஆறு மணித்தியாலத்தால திரும்ப ரத்தம் எடுத்துப் பாக்க வேணும், அது மட்டும் தானும் முழிச்சிருப்பன் எண்டிட்டா. ஒரு மணி போல நானும் கொஞ்ச நேரம் வாங்கில பக்கத்தில இருந்தன். மனுசிக்கு வெக்கம், நாடகம் பாத்துப் பாத்துப் பயந்து போனன் மிஸ்ஸி எண்டா. நான் அவவுக்குக் கனடாவில இருக்கிற என்ர மச்சாள் சொன்ன கதையைச் சொன்னன். மச்சாள் அங்க வயசு போன ஆக்களைப் பராமரிக்கிற இடத்தில வேலை, அங்க இருக்கிற கிழவியள் விடாமல் பாக்கிற ஒரு அமெரிக்க நாடகம் இருக்கு, டேய்ஸ் ஒஃப் அவர் லைவ்ஸ் எண்டு பேர், 1965 நவம்பரில தொடங்கினது, அண்டைக்கு நாங்கள் கதைக்கேக்க அம்பத்து மூண்டு வருசமா ஓடிக்கொண்டிருந்தது. (பிறகு 2022இல ரீவியில இருந்து எடுத்து இன்ரநெற்றுக்கு மாத்திப்போட்டாங்கள், கிழவியள் தவிச்சுப் போச்சினமாம், அது வேற கதை.) அதிலயும் ஒரு வில்லன் டொக்டர், டொக்டர் றோல்ஃப், 1997இல இருந்து வாறவர், வில்லியம் யூற்றே எண்ட நடிகர்தான் கனகாலம் நடிச்சவர். ஸ்ரெஃபனோ எண்ட பெரிய வில்லனுக்கு வேலை செய்யிற ஆள். ஆனா அவர் ஆக்களைக் கொல்லுறதுக்குப் பேர் போனவர் இல்லை, செத்த ஆக்களை மருந்து ஏத்தி எழுப்புறவர். வில் எண்டொரு பெடியனை 2015இல கழுத்தை நெரிச்சுக் கொண்டுபோட்டாங்கள் எண்டு காட்டி, செத்த வீடும் வச்சு, 2017இல அவன் உயிரோட வாறான், டொக்டர் றோல்ஃப் எழுப்பி இருக்கிறார்.

நான் இதை அவவின்ர மனசைத் திருப்பத்தான் சொன்னனான். அவ கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு கேட்டா.

"எழுப்புறவனை ஏன் பிள்ளை வில்லன் எண்டுறாங்கள்?"

அதுக்குப் பிறகுதான் சொன்னா, அவவின்ர மகன் 2009இல வட்டுவாகல் பாலத்தால வந்து ஆமியிட்டச் சரணடைஞ்சவன், பத்து வருசமா ஒரு தகவலும் இல்லை. கிளிநொச்சியில கந்தசுவாமி கோயிலடியில 2017 பெப்ரவரி 20இல இருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர தாய்மார் இருக்கிற பந்தலில தானும் கிழமையில ரெண்டு நாள் போய் இருக்கிறவவாம். நான் ஒண்டும் சொல்லேல்ல. எனக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்ல.

மூண்டரைக்கு ரத்தம் எடுத்தன். மணிக்கூட்டை அவதான் பாத்தவ. சரிச்சன், கட்டியா நிண்டது. குழாயை ஒருக்காத் தாங்கோ எண்டு வாங்கி லைற்றுக்குக் கீழ பிடிச்சுப் பாத்துக்கொண்டு நிண்டா.

அதுக்குப் பிறகு நான் எந்தப் போத்தில் கொழுவினாலும் அதின்ர லேபலைக் காட்டிப் பேரைச் சொல்லித்தான் கொழுவுறன். அந்த டொக்டரும் கால்மாட்டில நிக்கிறதை விட்டிட்டார், தலைமாட்டுக்கு வந்து, நான் சத்தமாத் தமிழில சொல்ல விட்டுப் பிறகுதான் அடுத்த வேலை. பிள்ளைப்பெறு வாட்டில வேலை செய்யேக்கயும் இதைத்தான் செய்தன், பிள்ளை பிறந்த உடன தாயின்ர கண்ணுக்கு முன்னால பேர்ப்பட்டியைக் கட்டி, அவவை வாசிக்க வச்சுப் போட்டுத்தான் தூக்கிக்கொண்டு போறது. ஆனா எல்லாரையும் வெல்லேல்ல. பிரசர் கிளினிக்குக்கு வந்த ஒரு அம்மா, குளிசையின்ர நிறம் மாறிட்டுது, ஆரோ மாத்திக் குடுக்கிறாங்கள் எண்டு ரெண்டு மாசம் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு, ஒரு பக்கம் இழுத்து வாய் கோணித்தான் திரும்ப வந்தவ. கம்பனி மாறினா குளிசையின்ர நிறமும் மாறும். அதை அவவுக்கு ஒரு சொல்லுச் சொல்ல ஒருத்தருக்கும் நேரம் இருக்கேல்ல. அண்டைக்கு அந்த மேசையில நானும் இருந்தனான். அவ இப்பவும் கையைத் தூக்க மாட்டா.

அக்காவும் தம்பியும் ஒரு மாசத்தால கிளினிக்குக்கு வந்தவை. புடையன் கடி சிறுநீரகத்தைத் தாக்கிப்போடும், அதால சிறுநீரகம் சரியா வேலை செய்யுதோ எண்டு காட்டுற கிரியற்றினின் ரத்தத்தில பாக்க வேணும். லைனில நிண்டபடி என்னைக் கண்டிட்டு வந்து கையைப் பிடிச்சா.

"பிள்ளை, அந்த நாடகத்தில அவன் எழுப்பின பெடியன் வீட்டை வந்தவனோ?"

நான் மச்சாளிட்ட இதைக் கேட்டு வச்சிருந்தனான், ஏனோ தெரியேல்ல, அந்த இரவுக்கு அடுத்த நாளே கேட்டிட்டன். "வந்தவன் அம்மா, ஆனா நினைவு எல்லாம் அழிஞ்சு போச்சு, தாயையே தெரியேல்ல, பிறகு மெல்ல மெல்லத்தான் திரும்ப வந்தது" எண்டன்.

"தெரியாட்டிலும் பரவாயில்லை" எண்டா. பிறகு தம்பியின்ர கிளினிக் கொப்பியை நீட்டி, இண்டைக்கு எத்தினை குழாய் ரத்தம் எடுக்கப் போறியள், எது எதுக்கு எண்டு கேட்டா. நான் ஒவ்வொண்டாக் காட்டிச் சொன்னன்.