அப்லாரோன் தெரிந்தால் அப்லாரா தெரியும்

ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் பாதியில் புத்தகத்தை மூடி வைக்கிற இடம் சப்ஜங்டிவ்தான், அதாவது நடந்ததைச் சொல்லாமல் ஆசை, சந்தேகம், கற்பனை என்று பேசும்போது வருகிற வினை வடிவம், அதிலும் அதன் இறந்தகாலமான இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ் என்று பெயரைச் சொன்னாலே பலருக்குக் காய்ச்சல் வரும். பெயர்தான் மிரட்டுகிறது, ஆள் சாது. என்னைக் கேட்டால் நிகழ்கால சப்ஜங்டிவை விட இது சுலபம்.

ஒழுங்காக நடந்துகொள்கிற வினை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: அப்லார், அதாவது பேசு. எழுதும்போது முன்னால் ஒரு எச் வரும், அதற்குச் சத்தம் கிடையாது. 'அவர்கள் பேசினார்கள்' என்பது அப்லாரோன். அதிலிருந்து ரோனை வெட்டிவிட்டு ரா, ராஸ், ரா, ராமோஸ், ராய்ஸ், ரான் என்று ஒட்டினால் வேலை முடிந்தது: அப்லாரா, அப்லாராஸ், அப்லாரா, அப்லாராமோஸ், அப்லாராய்ஸ், அப்லாரான். கொமேர் (சாப்பிடு) கொமியேரோன் ஆகி கொமியேரா ஆகும், சுபீர் (ஏறு) சுபியேரா ஆகும். ஒழுங்கில்லாத வினைகளுக்கும் இதே வழிதான், விதிவிலக்கே இல்லை. ஆகவே அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள், அந்த 'அவர்கள்' இறந்தகாலத்தை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அப்லாராவில் அழுத்தம் நடுவில் விழ வேண்டும். கடைசி ராவில் விழுந்தால் 'பேசுவாள்' என்று எதிர்காலமாகிவிடும்.

சரி, நடக்காத விஷயத்துக்கு ஏன் இறந்தகாலத்தில் போய் கைவைக்கிறார்கள்? நாமும் அதைத்தானே செய்கிறோம். 'நாளைக்கு அவள் பேசினால்' என்கிறோம். நாளைக்குத்தான், ஆனால் 'பேசின' என்ற இறந்தகால அடியின் மேல்தான் ஆல் உட்காருகிறது. வந்தால், சாப்பிட்டால், எல்லாம் அப்படியே. அதனால் உருவம் நமக்குப் புதிதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'பேசினால்' போதும். 'அவள் பேசினால் கேட்போம்' என்பது நடக்கக்கூடியது, ஸ்பானிஷில் அதற்குச் சாதாரண நிகழ்காலம்: சி அப்லா (சி என்பது நம் 'ஆல்'). 'அவள் மட்டும் ஸ்பானிஷ் பேசினால் எவ்வளவு சுலபமாக இருக்கும்' என்கிறபோது, அவள் பேசமாட்டாள் என்று நமக்கே தெரியும், அந்த 'மட்டும்' அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஸ்பானிஷில் அந்த வேலையை வினையே செய்கிறது: சி அப்லாரா எஸ்பன்யோல், சேரீயா மாஸ் ஃபாசில். சி பக்கம் அப்லாரா, மறுபக்கம் சேரீயா ('இருக்கும்') மாதிரி ரீயா வடிவம். இரண்டு பக்கமும் ரீயா போட்டு சி அப்லரீயா என்று சொல்லத்தான் வாய் வரும். வட ஸ்பெயினில், பாஸ்க் பகுதியிலும் புர்கோஸ் பக்கத்திலும் அங்கேயே பிறந்தவர்கள்கூட அப்படிப் பேசுகிறார்கள், ஆனால் தேர்வில் எழுதினால் சிவப்பு மைதான்.

அப்புறம் சி இல்லாத இடங்கள். முதல் வினை இறந்தகாலமாக இருந்தால், 'நீ பேச வேண்டும் என்று விரும்பினேன்' என்பது மாதிரி, கெரீயா கே அப்லாராஸ். கோமோ சி, அதாவது 'ஏதோ பேசுகிற மாதிரி', வந்தால் யோசிக்கவே வேண்டாம், அப்லாராதான். அரபியிலிருந்து வந்த ஓஹாலா கொஞ்சம் சுவாரசியமானது. ஓஹாலா அப்லே (இது நிகழ்கால சப்ஜங்டிவ்) என்றால் பேசினால் நல்லது, பேசக்கூடும் என்ற நம்பிக்கை. ஓஹாலா அப்லாரா என்றால் நம்பிக்கை தேய்ந்துவிட்டது, வெறும் பெருமூச்சு.

அப்லாசே, அப்லாசேஸ் என்று இன்னொரு வரிசையும் உண்டு. இரண்டுமே லத்தீனின் வெவ்வேறு வடிவங்களிலிருந்து வந்து ஒரே வேலைக்குச் சேர்ந்தவை. லத்தீனில் ராவின் முன்னோருக்கு 'பேசியிருந்தாள்' என்ற பொருள், அந்தப் பழைய பொருளில் ஸ்பானிஷ் செய்தித்தாள்களில் இன்றைக்கும் அது தலைகாட்டும், அப்போது குழம்பாதீர்கள். பேச்சில், முக்கியமாக லத்தீன் அமெரிக்காவில், ராதான் எங்கும். 'சே' வடிவத்தைப் படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும். 'எனக்கு வேண்டும்' என்று பணிவாகக் கேட்கிற கிசியேராவில் மட்டும் ராவுக்குப் பதிலாக 'சே' போட முடியாது.