நீலமும் பழுப்பும்

விடுதிக்குப் பெட்டி கட்டும்போதுதான் உறைத்தது: ஆஸ்துமா எனக்கு, அதன் கணக்கு வழக்கெல்லாம் அம்மாவிடம். கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது அம்மா வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்ன மருந்து என்று டாக்டர் கேட்க, "நீலத்தில் ஒன்று, பழுப்பில் ஒன்று" என்றேன். சிரித்துவிட்டார்.

அப்புறம் எழுதிக்கொண்டேன். நீல இன்ஹேலர் (மருந்தை வாய்வழியே உள்ளிழுக்கும் குப்பி) சால்பூட்டமால், அதாவது மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, மூச்சு முட்டும்போது. பழுப்பு ஸ்டீராய்டு, அதாவது மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் மருந்து, நன்றாக இருந்தாலும் காலை 2 முறை, இரவு 2 முறை. இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை வரலாம். (இத்தனை வருஷம் அம்மா ஏன் தம்ளரோடு நின்றார் என்று இப்போதுதான் புரிந்தது.) பழுப்பு இன்ஹேலர் 120 முறைக்கானது, நாளுக்கு 4 என்றால் 30 நாள். 25ஆம் நாளுக்குப் போனில் அலாரம் வைத்தேன்.

நீல இன்ஹேலர் பையில் எங்கே இருக்கிறது என்று அறைத்தோழனிடம் காட்டத்தான் கூச்சம். "சரி" என்றவன், தன் அலர்ஜி மாத்திரையை எடுத்துக் காட்டினான்.