லார்டுக்கு லெட்டர் எழுதினப்போ நான் கத்துக்கிட்டது

லண்டன்ல ஒரு சின்ன சாரிட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறேன், போன வருஷம் ஆண்டு விழா இன்விடேஷன் லெட்டரெல்லாம் என் பொறுப்புக்கு வந்துச்சு. லிஸ்ட்ல ரெண்டு லார்டு (பிரபுப் பட்டம் உள்ளவங்க), ஒரு பாரோனஸ் (பெண் பிரபு), ஒரு சர், அப்புறம் ஒரு டியூக்கோட (பிரபுக்கள்ல ரொம்ப உயர்ந்த படி) ரெண்டாவது மகன். அஞ்சே லெட்டர்தான், ஆனா நாலு நாள் ஆச்சு.

சர் பட்டம் வாங்கினவருக்கு குடும்பப்பேரைப் போட்டு டியர் சர் இன்னார்னு அடிச்சிருந்தேன், மேனேஜர் திருத்தச் சொல்லி குடுத்துட்டாங்க. சர்க்குப் பக்கத்துல முதல் பேர்தான் வரணுமாம், பால் மெக்கார்ட்னிக்கு எழுதினா டியர் சர் பால், சர் மெக்கார்ட்னின்னு எழுதவே கூடாது. பட்டம் வாங்கின பெண்களுக்கு டேம், அதுக்கும் இதே மாதிரிதான். ஆனா சர்ரோட மனைவின்னா லேடி போட்டு குடும்பப்பேர்.

லார்டுக்கு இது அப்படியே தலைகீழ். ஓட்டப்பந்தய வீரர் செபாஸ்டியன் கோவுக்கு 2000-ல பிரபுப் பட்டம் கிடைச்சுது, அவருக்கு டியர் லார்டு கோ, அவ்வளவுதான். கவர் மேல எழுதும்போது பட்டத்துல ஊர்ப்பேரும் சேர்ந்து இருக்கான்னு பார்லிமென்ட் வெப்சைட்ல பார்த்துக்கணும், ஒரே பேர்ல ரெண்டு மூணு பேர் இருப்பாங்க. பாரோனஸ்க்கு டியர் லேடி இன்னார்னும் எழுதலாம், டியர் பாரோனஸ் இன்னார்னும் எழுதலாம், நான் அவங்க ஆபீஸுக்கே போன் போட்டு கேட்டுட்டேன், கேட்டதுக்கு யாரும் தப்பா நினைக்கல.

ரொம்ப நேரம் மாட்டிக்கிட்டது அந்த டியூக் மகன்கிட்டதான். டியூக்கோட இளைய மகன்களுக்கு பேருக்கு முன்னாடி லார்டு வரும், ஆனா அவங்க பிரபு கிடையாது, வின்ஸ்டன் சர்ச்சிலோட அப்பா ராண்டால்ஃப் அப்படித்தான், லார்டு ராண்டால்ஃப் சர்ச்சில்னு பேர் இருந்தாலும் எலெக்ஷன்ல நின்னு காமன்ஸ் சபையில உக்காந்தவரு. அதனால டியர் லார்டு ராண்டால்ஃப், லார்டு சர்ச்சில் இல்ல. இளவரசி டயானாவும் இப்படித்தான், 1975-ல அப்பா ஏர்ல் (டியூக்குக்குக் கீழ வர்ற ஒரு பிரபுப் பட்டம்) ஆனதுக்கு அப்புறம்தான் அவரோட மகள்ங்கிற முறையில லேடி டயானா ஆனாங்க.

இதெல்லாம் எதுக்குன்னு கூட வேலை பாக்குற பொண்ணு கேட்டா. கல்யாணப் பத்திரிகையில இனிஷியல் மாறிப்போனா நம்ம பெரியப்பா மனசு எவ்வளவு வருத்தப்படும், அதேதான் இதுவும்னு சொன்னேன்.

ரெண்டு வாரத்துல ஒரு லார்டுகிட்ட இருந்து வர்றேன்னு பதில் வந்துச்சு. கையெழுத்துல முதல் பேரே இல்ல, ஒத்தைச் சொல்லா பட்டப்பேர் மட்டும், பிரபுக்கள் அப்படித்தான் கையெழுத்துப் போடுவாங்களாம்.